ஆலத்தூர் நாட்டில் நிற்கும் வழக்கு

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் மேல் ஒரு கொலை வழக்கு நிற்கிறது என்பதைக் கல்யாணத்துக்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமனார் வழியில் சர்க்கரை உண்டு என்றார்கள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாது என்பதைக்கூட ஒளிக்கவில்லை. கொலையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மகனுக்கு நாலு வயது முடிந்ததும் அத்தை சென்னைக்கு ஃபோன் செய்து, பால்பல் விழுவதற்குள் பையனை ஒருமுறை கொல்லிமலைக்குக் கூட்டிப்போய் வர வேண்டும் என்றார். மொட்டை போடவா என்று கேட்டேன். "மொட்டையெல்லாம் போட்டாச்சேம்மா. இது வேற. பேரு கூப்புடுவாங்க. நீ போய் நின்னுட்டு வந்தாப் போதும்." எந்தப் பெயர், யார் கூப்பிடுவார்கள் என்பதை நேரில் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கணவரிடம் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், தன்னையும் சின்ன வயதில் கூட்டிப்போனார்கள், பலாப்பழம் தின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். நம்பிக்கை இல்லையென்றால் போக வேண்டாம் என்றார். ஆனால் அம்மா வருத்தப்படுவாள் என்றும் சொன்னார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் என் குடித்தனம் நடக்கிறது. நான் வேதியியலில் முதுகலை படித்தவள். பையில் காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தெர்மாமீட்டர், டார்ச், மாற்று டார்ச் எல்லாம் எடுத்து வைத்தேன். போவது என்று எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டால் ஞாபகம் இல்லை.

அத்தை காளப்பநாயக்கன்பட்டியில் தனியாக இருக்கிறார். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில் பாலம், அறுவடை நாளில் நெல் அம்பாரம், அவ்வளவுதான். கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் வானம் தரையில் வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே தெருக்கோடியிலேயே மலை எழுந்து நிற்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அறைக்குள் வந்து ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் போல.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை கதையைச் சொன்னார். வெள்ளைக்காரன் மலையேறுவதற்கு முந்திய காலம். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, அப்படி ஆலத்தூர் நாட்டில் வேலன் என்று ஒருவன். பாறையில் தேன் எடுக்கும்போது ஒருவர் கயிற்றில் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடிப்பது அவருடைய மச்சினனாக இருக்க வேண்டும், மனைவியின் கூடப்பிறந்தவன். தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான் என்ற கணக்கு. வேலன் தன் தங்கச்சி புருஷனுக்குக் கயிறு பிடித்தான். இறங்கியவன் ஏறி வரவில்லை.

நாட்டார் கூடி வேலனை நிறுத்தினார்கள். கை நழுவியதா, அவனாகவே விட்டானா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்பதற்குள் வேலன் மலையை விட்டு இறங்கி ஓடிவிட்டான். என் கணவர் வீட்டார் அவன் வம்சம். நாட்டார் வழக்கைத் தள்ளவும் இல்லை, தீர்ப்புச் சொல்லவும் இல்லை. தலைமுறைக்கு ஒருமுறை, தலைச்சன் ஆண்பிள்ளையைப் பால்பல் விழுமுன் அதன் தாய் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். அவர்கள் வேலனைப் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார்கள். பதில் வராது. ஆள் வரவில்லை, வழக்கு நிற்கட்டும் என்று சொல்லிக் கலைந்துவிடுவார்கள். அடுத்த தலைமுறை வரை தொந்தரவு இல்லை.

"நீயும் வாயத் தொறக்கக் கூடாது, பையனும் வாயத் தொறக்கக் கூடாது. அவ்வளவுதான் கண்ணு."

பதில் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அத்தை வெங்காயத் தோலை ஊதினார். யாரும் சொன்னதில்லையாம். சொன்னால் விசாரணை தொடங்கும், சொன்னவன் தலையில் விடியும் என்று அவருடைய மாமியார் சொல்லியிருக்கிறார். கூட்டிப்போகாமல் விட்டால்? பெரிய மாமனார் வீட்டில் அப்படி விட்டார்களாம், பையன் கிணற்றில் விழுந்தானாம். நீச்சல் தெரியாத பையன் கிணற்றில் விழுவதற்கு முன்னோர் தேவையில்லை என்று சொல்ல நினைத்து, நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

"உம் புருசனக் கூட்டிப்போனப்போ எனக்குப் பிரச்சனையே இல்ல. அவன் அப்பவும் வாயே தொறக்க மாட்டான்."

என் மகன் வாயை மூடுவதே இல்லை. அதோடு அவன் பெயர் வேலன். அந்தக் குடும்பத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தே ஆக வேண்டும். நான் ஆதவ் என்று வைக்க ஆசைப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தோற்றேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே இருந்த பாய் கடையில் எலுமிச்சம்பழமும் தேன்மிட்டாயும் வாங்கினேன். கடைக்காரர் பையனைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார். "மேல பேரு கூப்புடறதுக்குங்களா?" உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "உங்க மாமியாரும் இங்கதான் மிட்டாய் வாங்குனாங்களாம். எங்கத்தா சொல்லுவாரு. புள்ள வாய அடைக்க இத விட்டா வேற எது இருக்குது?" எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனால் வாந்தி வராது என்றும் சொன்னார். மிட்டாய்க்கு ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தார்.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஜன்னலோரம்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து வென்றிருந்தான். நடுவில் ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி திரும்ப முடியாமல் நின்றது. எங்கள் பஸ் பின்னால் நகர வேண்டியிருந்தது. கண்டக்டர் இறங்கி விசில் ஊதிக்கொண்டே போக, பஸ்ஸின் பின்பக்கம் ஒரு தடவை காற்றில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே சாலை இல்லை. மரங்களின் தலைகள் தெரிந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் பிறந்ததிலிருந்தே எனக்கு ஒரு நினைப்பு வரும். மொட்டை மாடியில், ரயில் நடைமேடையில், பாலத்தில், அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, விட்டால் என்ன ஆகும் என்று. ஆசை இல்லை அது. ஆசைக்கு நேர் எதிரானது. ஆனாலும் வரும். வந்தவுடன் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன், அவன் வலிக்கிறது என்பான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. அந்த வளைவிலும் வந்தது. எலுமிச்சம்பழத்தை நானே முகர்ந்துகொண்டேன். பின் சீட்டில் இருந்த ஓர் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "பஸ்ஸ நீங்களா புடிச்சிட்டு நிக்கறீங்க? உடுங்க, டிரைவர் பாத்துக்குவாரு," என்றார். பஸ் சிரித்தது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் இறங்கினோம். சந்தையில் அன்னாசியும் மலை வாழையும் குவிந்திருந்தன. மிளகைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தார்கள். முடவாட்டுக்கால் கிழங்கு கம்பளிப்புழு போல ரோமத்தோடு கிடந்தது. அதில் சூப் வைத்து விற்கிறார்கள், முட்டிவலிக்கு நல்லதாம். அத்தைக்கு வாங்கலாமா, கெட்டுப்போகுமா என்று யோசித்து, வாங்காமல் ஒரு டம்ளர் குடித்தேன். மிளகுக் காரத்தில், மலையேறும்போது அடைத்த காது திறந்தது. மகன் பலாச்சுளை தின்றான். அவன் அப்பாவுக்கு இருப்பதைப் போல இவனுக்கும் அது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்து ஜீப். இறங்கும் இடத்தில் சித்ரா நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அந்தக் காலத்தில் கயிற்றில் இறங்கிச் செத்தவன் வீட்டின் மருமகள். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார், இவர் இங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். வழக்குக்காரர்கள் வந்தால் செத்தவன் வீட்டில்தான் தங்க வேண்டும், அந்த வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும் என்பது முறை. இதை அத்தை என்னிடம் சொல்லவில்லை. "செருப்ப இங்கயே கழட்டிருங்க," என்றார் சித்ரா. பிறகு பையனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரென்ன சாமி?" அவன் சொன்னான். அவர் முகம் மாறவில்லை. ஆனால் அவனுடைய தண்ணீர் பாட்டிலை வாங்க நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

வழக்குப் பேசும் இடத்தைப் பொழுது சாய்வதற்குள் பார்த்துவிடலாம் என்று கூட்டிப்போனார். ஒரு பாறைச் சரிவுக்கு மேல் பெரிய நாவல் மரம். அதைச் சுற்றிக் கற்கள் கிடந்தன, முழங்கை நீளமும் அதற்கு மேலும். ஒவ்வொன்றும் ஒரு குற்றவாளி என்றார் சித்ரா. வழக்கு எடுத்தால் கல்லை நடுவார்கள். தீர்ந்தால் படுக்கவைப்பார்கள்.

ஒரு கல்லைக் காலால் தொடாமல் சுற்றிப் போய்க் காட்டினார். இவன் பஞ்சத்தில் விதைச் சாமை திருடியவன். சாகும்வரை பறிகொடுத்தவன் காட்டை உழுது விதைத்துவிட்டுத்தான் தன் காட்டில் ஏர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. ஒவ்வொரு வருஷமும் தன் காட்டுக்கு மழை தப்பிப்போகும் என்று தெரிந்தே உழுதானாம். இவன் இரவோடு இரவாக எல்லைக் கல்லை நகர்த்தியவன். அந்தக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லா ஊர்த் தெருவிலும் நடக்க வைத்தார்கள், கழுத்து அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது. கடைசியில் ஒரு சிறிய கல். புருஷனுக்கு விஷம் வைத்தாள் என்று சொல்லப்பட்டவள். சாமியின் வேல் கழுவிய தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை, குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் அவ கையால ஆருமே தண்ணி வாங்கிக் குடிக்கல. பெத்த புள்ளயும் குடிக்கல."

எல்லாக் கற்களும் படுத்திருந்தன. ஒன்றே ஒன்று நின்றது. மேலே பாசி பிடித்து, ஒரு சின்னப் பிள்ளை உயரத்துக்கு. நான் பார்ப்பதற்குள் மகன் ஓடிப்போய் அதனோடு முதுகை ஒட்டி நின்று, "அம்மா, நான் ஹைட்டு, இது ஹைட்டு, பாரு," என்றான். இரண்டும் ஒரே உயரம். அவனை இழுத்துவந்தேன். முதுகில் பாசி ஒட்டியிருந்தது. ஈர டிஷ்யூவால் துடைத்தேன், போகவில்லை.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார் சித்ரா. ஒரு வாய் வைத்ததும் மகன் உப்பே இல்லை என்று சத்தமாகச் சொன்னான். உப்பு இல்லைதான். வழக்கு நிற்கும்வரை அந்த வீட்டில் எங்களுக்கு உப்புப் போட மாட்டார்கள். உப்பைப் போட்டால் உறவாகிவிடும். பையில் இருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அவன் குழம்பில் கலந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது வேதியியல், மரபு மீறல் ஆகாது என்று எனக்கு நானே வாதாடினேன். பிறகு சித்ராவின் மாமனார், கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த முதியவர், எங்கள் தட்டையே பார்ப்பதைக் கண்டு கையை எடுத்துவிட்டேன். அவர்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நாங்கள் கை கழுவிய பிறகுதான் அந்த வீட்டில் அடுப்படி விளக்கு மறுபடி எரிந்தது.

தூங்கப்போகும்முன் மகனுக்கு ஒத்திகை வைத்தேன். "நாளைக்கு உன் பேரைக் கூப்பிடுவாங்க. நீ பேசவே கூடாது."

"ஏம்மா?"

"அது வேற வேலன்."

"எங்க இருக்கான்?"

பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

காலையில் எழுந்தபோது ஊர் இல்லை. பனிமூட்டம். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கோழிச் சத்தம் மட்டும் வந்தது. அந்த வெள்ளைக்குள் நடந்து நாவல் மரத்தடிக்குப் போனோம். ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முகங்கள் சரியாகத் தெரியவில்லை, வேட்டிகளும் கம்பளிகளும் தெரிந்தன. நிற்கும் கல்லுக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார்கள். ஊர்க்கவுண்டர் வயதானவர், மஃப்ளர் சுற்றியிருந்தார், இருமினார்.

நான் தப்புச் செய்தது இங்கேதான். பெயர் கூப்பிடும்போது மிட்டாய் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஊர்க்கவுண்டர் இருமிவிட்டு வாயைத் திறந்ததும், இதோ கூப்பிடுகிறார் என்று பதறி, மிட்டாயைப் பையன் வாயில் திணித்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை. முதலில் சாமிகளை அழைத்தார். பிறகு நாடுகளின் பெயரைச் சொன்னார். பிறகு படுத்திருக்கும் கற்கள் ஒவ்வொன்றின் குற்றத்தையும் தீர்ப்பையும் சொன்னார். என் மகன் மிட்டாயை நறநறவென்று கடித்துத் தின்று முடித்து, விரலையும் நக்கினான். இன்னொன்று எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். தெர்மாமீட்டர் வந்தது. டார்ச் வந்தது.

"வேலா," என்றார் ஊர்க்கவுண்டர்.

யாரும் அசையவில்லை. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பையன் தலையைத் தூக்கினான். அவன் வாயைப் பொத்தலாமா, பொத்தினால் அது பதிலாகுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வேலா."

"பிரசன்ட் மிஸ்."

எல்.கே.ஜி. வகுப்பில் சொல்லும் அதே ராகத்தில், கையைத் தூக்கி, தெளிவாகச் சொன்னான்.

மூன்றாவது அழைப்பு வரவில்லை. ஊர்க்கவுண்டர் வாய் திறந்தபடி நின்றார். என்ன சொல்லுது புள்ள என்று பின்னால் ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை, மிட்டாய் கேட்கிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சித்ரா பேசிவிட்டார்.

"இருக்கறேன்னு சொல்லுதுங்க. பள்ளிக்கூடத்துல பேரு கூப்புட்டா இப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

வயதானவர்கள் கூடிப் பேசினார்கள். பால்பல் பிள்ளைக்குத் தாய்தான் வாய் என்று முடிவாயிற்று. என் வலக் கையை நிற்கும் கல்லின் மேல் வைக்கச் சொன்னார்கள், இடக் கையைப் பிள்ளையின் தலையில். கல் குளிரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவ்வளவு பனியில் கல் குளிர்ந்திருக்க வேண்டும்.

ஊர்க்கவுண்டர் கேட்டார். "கை நழுவுச்சா, நீயா உட்டயா?"

நழுவியது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் பொய்ச் சத்தியம் பிள்ளை தலையில் இறங்கும். விட்டான் என்றால் கொலைகாரன் வம்சம் என்பதை நானே என் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்ததாகும். இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் என் கை அவன் உச்சியில் இருந்தது. அங்கே மண்டை ஓடு மூடுவதற்கு முன், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, தோலுக்கடியில் துடிப்பு தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரவெல்லாம் விழித்திருந்த கை அது.

"தெரியாதுங்க," என்றேன்.

முணுமுணுப்பு எழுந்தது. தெரியாது என்பது இதுவரை யாரும் சொல்லாத பதில். ஒருவர் கோபப்பட்டார், இதற்கா இத்தனை தலைமுறை காத்திருந்தோம் என்று. ஊர்க்கவுண்டர் வெகுநேரம் இருமினார். பிறகு, "வாய்க்குத் தெரியலீன்னா கையத்தான் கேக்கோணும்," என்றார். பழைய காலத்தில் அப்படி ஒரு முறை இருந்ததாம். கயிற்றைக் குற்றவாளியிடம் கொடுத்து, செத்தவன் வீட்டு ஆளை இறக்கிப் பார்ப்பது.

அந்த வீட்டில் இறங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? முதியவர் கட்டிலில். மகன் திருப்பூரில். சித்ரா சேலையை வரிந்து கட்டினார். "நான் எறங்கறேனுங்க."

தேன் எடுக்கும் கயிறு வந்தது. அதை நாவல் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முனையை என் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் மிஞ்சிய கயிற்றின் வாலை என் மகன் பிடித்தான், அவனுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. வேறு யாரும் தொடக்கூடாது. பாறை விளிம்புக்கு அப்பால் வெள்ளை. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். அங்கங்கே படி மாதிரி இருக்கும் என்றார் ஒருவர்.

சித்ரா இடுப்பில் முடிச்சைச் சரிபார்த்துவிட்டு என் அருகில் வந்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார். "கீழ போயிட்டா நீங்க எனக்குத் தெரிய மாட்டீங்க. நான் பேரு சொல்லிக் கூப்புடுவேன். மேல இருந்து பதில் வரோணும். பதில் வந்தாத்தான் கயித்துல ஆள் இருக்குன்னு அர்த்தம்." பிறகு தன் மகளை ஒருமுறை பார்த்துவிட்டு விளிம்பில் காலை வைத்தார். அந்தச் சிறுமி பள்ளிச் சீருடையில், பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

எடை வந்தது. ஓர் ஆளின் எடை எவ்வளவு என்று எனக்கு அதுவரை தெரியாது. மரம் பாதியைத் தாங்கியது, மீதி என் உள்ளங்கையில் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கயிறு மரப்பட்டையில் உராய்ந்து முனகியது. சித்ராவின் தலை வெள்ளைக்குள் போனது.

"வேலா."

"பிரசன்ட் மிஸ்," என்றான் மகன். எங்கேயோ ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மறுபடி குரல், இந்த முறை தொலைவில். மறுபடி பதில். பிறகு குரல் வரவில்லை. கயிறு மட்டும் இருந்தது. அது இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது, கீழே இருப்பது சித்ராவாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம் என்பது போல. பனி எங்கள் பக்கமும் ஏறி வந்தது. திரும்பிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தெரியவில்லை. கல் மட்டும் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

அப்போது அந்த நினைப்பு வந்தது. விட்டால் என்ன.

பஸ்ஸில் வந்ததைப் போல வந்து போகவில்லை. நின்றது. எவ்வளவு சுலபம் என்று கை சொன்னது. கேட்பார் யாரும் இல்லை, நழுவியது என்றால் நழுவியதுதான். விரல்கள் திறந்தனவா? திறந்தன என்று நினைக்கிறேன், ஒரு நூல் அளவு. கயிறு உள்ளங்கையைத் தீயாய் இழுத்துக்கொண்டு ஓடியது. நான் மூடினேன். எதை வைத்து மூடினேன் என்று தெரியாது, முழங்கால் மண்ணில் இடித்தது. கயிறு நின்றது.

"வேலா," என்று கீழிருந்து வந்தது, நடுங்கிய குரல்.

மகன் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசவே கூடாது என்று நேற்று நான் சொன்னது என் முகத்தைப் பார்த்ததும்தான் அவனுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"சொல்லு சாமி," என்றேன். "சத்தமாச் சொல்லு."

"பிரசன்ட் மிஸ்." மலை கேட்கும்படி கத்தினான்.

சித்ரா ஏறி வந்தார். முட்டியில் சிராய்ப்பு, சேலையெல்லாம் ஈரம். ஊர்க்கவுண்டர் வந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார், கை புடிச்சிருக்குது, வழக்குத் தீந்துது என்றார். ஆண்கள் நாலு பேர் வந்து கல்லைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போலப் படுக்கவைத்தார்கள். அது நின்ற குழியில் வேர் எதுவும் இல்லை. இருக்கும் என்று ஏன் எதிர்பார்த்தேனோ.

வீட்டில் மறுபடியும் சாமைச் சோறு. சித்ரா உப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். பிறகு தன் தட்டையும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். குழந்தைகள் வெளியே ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். தான் காலையில் பேசாமல் இருந்திருக்கலாம் என்றார், தட்டைப் பார்த்தபடி. "நானும் வாழ்க்கைப்பட்டு வந்தவதானுங்க. எம் புள்ளயும் நாளைக்கு உங்க வகையறாவுக்கு உப்பில்லாமச் சோறு போட்டுட்டே இருக்கோணுமான்னு இருந்துச்சு."

நான் சோற்றைப் பிசைந்தேன். காயத்தில் உப்புப் பட்டு எரிந்தது. அவர் குரலைத் தணித்தார்.

"உடலாம்னு தோணுச்சுங்களா?"

கட்டிலில் இருந்த முதியவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா என்று தெரியவில்லை.

"தோணுச்சு," என்றேன்.

சித்ரா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "எனக்குக் கீழயே தெரிஞ்சுதுங்க. கயிறு ஒரு நிமிசம் யோசிச்சுது." பிறகு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். "அந்தப் பொம்பள, வேலனோட தங்கச்சி, இதத்தான் கேட்டுட்டே செத்தாளாமுங்க. நழுவுச்சான்னு இல்ல. தோணுச்சான்னு."

மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினோம். அத்தைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். கல் படுத்துவிட்டது என்று சொல்லலாம். மற்றதை எப்படிச் சொல்வது? என் கையில் சித்ரா மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவிப் பழைய துணி சுற்றியிருந்தார். ஜன்னலோரம் மகன். இந்த முறை அவன் சட்டையைப் பிடிக்க என் கையால் முடியவில்லை.

"அம்மா, அந்த ஆன்ட்டிய நான்தானே புடிச்சேன்?"

அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தேன். கயிற்றின் வாலைத்தான் பிடித்திருந்தான். எடை அவனிடம் போகாமல் பார்த்துக்கொண்டேன். பலாப்பிசின் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை.

"ஆமா சாமி. நீதான் புடிச்ச."

அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. விளையாட்டை அங்கேயே தொடங்கிவிட்டான். எலுமிச்சம்பழப் பையின் காதில் ஒன்றை என் விரலில் மாட்டினான், மற்றதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஒளிந்துகொண்டான். பஸ் முதல் வளைவில் திரும்பியது.

"அம்மா," என்றான் கீழிருந்து.

"இருக்கேன்," என்றேன்.

அடுத்த வளைவிலும் கூப்பிட்டான். அதற்கடுத்த வளைவிலும். பின் சீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். எனக்கு வாய் வறண்டது. அடிவாரம் வரும்வரை ஒரு வளைவையும் விடாமல் பதில் சொன்னேன்.